வஞ்சிரத்துக்குச் செதில் உண்டு

சித்தி ஏழு மாதம் வஞ்சிரம் சாப்பிடாமல் இருந்ததற்கு நான்தான் காரணம். அவருடைய நோட்டுப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் என் கையெழுத்தில், "வஞ்சிரம் – செதில் இல்லை" என்று எழுதியிருக்கிறது. எழுதிய அன்று எனக்கு அதில் துளிச் சந்தேகமும் இல்லை. சந்தையில் துண்டு போட்டு அடுக்கி வைத்திருக்கும் வஞ்சிரத்தைத்தான் நான் பார்த்திருந்தேன். ஈயம் பூசிய பாத்திரம் போல வழவழவென்றிருக்கும் அந்தத் தோலில் செதில் எங்கே இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

சித்தி என் அம்மாவின் கடைசித் தங்கை. தரங்கம்பாடியில் இருக்கிறார். சித்தப்பா இறந்த மறு வருடம், சனிக்கிழமைதோறும் கூடும் ஏழாம் நாள் சபையில் சேர்ந்தார். லேவியராகமம் பதினோராம் அதிகாரத்தின் உணவு விதிகளை இன்றும் கைக்கொள்ளும் சபை அது. தண்ணீரில் வாழ்பவற்றில் சிறகும் செதிளும் உள்ளவற்றைச் சாப்பிடலாம், இல்லாதவை விலக்கு என்கிறது அந்த அதிகாரம். உபாகமம் பதினான்காம் அதிகாரமும் அதையே சொல்கிறது. இறால், நண்டு, கணவாய் மூன்றையும் சித்தி ஒரே நாளில் விட்டார். அறுபது வயதுவரை அவர் வைக்கும் நண்டு ரசத்துக்காகவே நாங்கள் மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறி வருவோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை கூட அவர் வருந்திச் சொன்னதில்லை.

சிக்கல் மீனில்தான் வந்தது. யாரோ அவருக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். சாப்பிடலாம் என்ற தலைப்பின் கீழே சால்மன், டிரவுட், காட், ஹெர்ரிங் என்று வரிசையாகப் பெயர்கள். தரங்கம்பாடிக் கரையில் எந்தப் படகிலும் வந்திறங்காத மீன்கள். "இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நம் கூடைக்கு வருகிற மீனை எழுதிக் கொடு பாப்பா. நீ டீச்சர்தானே" என்றார். நான் தமிழாசிரியை. இருந்தாலும் மீன் தின்று வளர்ந்தவள்தானே என்ற துணிச்சலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து நாற்பது பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த நாற்பதில் ஒன்பது தவறு. அவற்றைத் திருத்த எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். வேதாகமத் தமிழில் 'சிறகு' என்பதைப் பாடநூல் 'துடுப்பு' என்கிறது. இந்த விதியை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அலசியவர்கள் யூதர்கள். அவர்களுடைய மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு ஒரு நல்ல குறுக்குவழியைச் சொல்கிறது. செதில் உள்ள எல்லா மீனுக்கும் துடுப்பு உண்டு. ஆனால் துடுப்பு உள்ள சிலவற்றுக்குச் செதில் இல்லை. ஆகவே செதில் உண்டா என்று பார்த்தால் போதும், துடுப்பைத் தேட வேண்டியதில்லை. கெளுத்திக்கும் திருக்கைக்கும் துடுப்பு இருக்கிறது, மாட்டிக்கொள்வது செதிலில்தான். எது செதில் என்பதற்கும் அவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தோல் கிழியாமல் நகத்தாலோ கத்தியாலோ பெயர்த்தெடுக்க முடிந்தால் அது செதில். தோலோடு தோலாக ஒட்டி, தோலைப் பிய்த்தால் மட்டுமே வருமென்றால் அது கணக்கில் சேராது. மிஷ்னாவுக்கு விரிவுரையாக வந்த தல்மூதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தண்ணீரிலிருந்து மேலே இழுத்ததும் செதிலை உதிர்த்துவிடும் மீனும் செதில் உள்ள மீன்தான்.

இதைச் சித்தியிடம் சொன்னபோது, "உதிர்கிற மீன் என்றால் மத்தியைத்தான் சொல்லியிருப்பார்கள்" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. மத்தி வந்த கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள். மீனில் இருப்பதைவிட அதிகமான செதில் கூடையின் ஓலையில் ஒட்டியிருக்கும். நெத்திலியும் அப்படித்தான். வலையில் அடிபட்டு, பெட்டியில் குலுங்கி, நம் வீட்டுக்கு வரும்போது அம்மணமாக வந்து சேர்கிறது. அதைப் பார்த்து 'செதில் இல்லை' என்று எழுதியதும் நான்தான்.

வஞ்சிரம் விஷயம் வெளியானது ஒரு தை மாதக் காலையில். பொறையாரில் நான் வாடிக்கையாக மீன் வாங்கும் அக்கா சந்திரபாடியிலிருந்து வருகிறவர். எடைபோட்டுக்கொண்டே, "உங்கள் சித்தி இப்போதெல்லாம் வஞ்சிரம் கேட்பதே இல்லையே டீச்சர், உடம்புக்கு ஆகாதா?" என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பனிக்கட்டிக்குள் கைவிட்டு, முழங்கை நீள வஞ்சிரம் ஒன்றைத் தூக்கிப் பலகையில் போட்டார். சின்னக் கத்தியை எடுத்து, வெட்டுகிற மாதிரி பிடிக்காமல் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, வாலிலிருந்து தலைப்பக்கமாக ஒரே இழுப்பு. கத்தியின் அலகைத் துடைக்காமல் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

சாம்பல் நிறக் கோழை ஒரு விரல் அகலத்துக்குத் திரண்டிருந்தது. வெயிலில் சாய்த்துக் காட்டியதும் அந்தக் கோழைக்குள் பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. கடுகைவிடச் சின்னது, வெங்காயச் சருகைவிட மெல்லியது. ஒன்றை விரல் நுனியில் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தேன். கரையவில்லை. "இது என்ன டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, அடுத்தவருக்கு எடைபோடப் போய்விட்டார்.

அன்று மாலையே தரங்கம்பாடிக்குப் போனேன். சித்தி கோபப்படவில்லை. "ஏழு மாதம்தானே" என்றார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. ஒருவருடைய விசுவாசத்தின் காவலுக்கு நிற்கிறவர் அரைகுறையாகத் தெரிந்ததை எழுதிக் கொடுக்கக்கூடாது. இனி ஒவ்வொரு மீனையும் கையில் எடுத்துப் பார்க்காமல் ஒரு பெயரையும் எழுதுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

கையில் எடுத்துப் பார்க்கத் தொடங்கியதும் முதலில் புரிந்தது, பெயரை நம்பக்கூடாது என்பது. கானாங்கெளுத்தியில் 'கெளுத்தி' இருக்கிறது. ஆனால் அது கெளுத்தி இனமே இல்லை. வஞ்சிரத்துக்குச் சொந்தம், உடல் முழுக்கப் பொடிச் செதில். உண்மையான கெளுத்திக்கு, ஆற்றில் பிடித்தாலும் கடலில் பிடித்தாலும், ஒரு செதிலும் கிடையாது. 'கடல் விரால்' என்று விற்பதற்கும் வயல் விராலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வாளை என்ற ஒரே பெயரை இரண்டு மீன்கள் வைத்திருக்கின்றன. ஒன்று ஆற்றில் வாழும் மீசை வைத்த பெரிய வாய்க்காரன். மற்றது கடலில் வெள்ளி நாடா போல நீளும் வாளை. வால் துடுப்பு கூட இல்லாமல் சாட்டை நுனி போல முடிந்துவிடும். உறவே இல்லாத இந்த இரண்டும் செதில் இல்லை என்பதில் மட்டும் ஒத்துப்போகின்றன.

வவ்வாலை நான் சரியாக எழுதியிருந்தேன், ஆனால் தவறான காரணத்துக்காக. விலை அதிகமான மீன், கல்யாண மீன், அதற்கெப்படிச் செதில் இல்லாமல் இருக்கும் என்ற நினைப்பில் எழுதியது அது. உண்மையில் அதன் செதில் மிகச் சிறியது, லேசாக உரசினாலே போய்விடும். சூரைக்குச் செதில் உடலெங்கும் இருக்காது. தலைக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றி, மார்க்கவசம் போட்டதுபோல ஒரு பட்டையில் மட்டும் இருக்கும். அந்த இடத்தைத் தேடிச் சுரண்டினால்தான் தெரியும். பாறைக்கு வால் ஓரத்தில் முள் போல வரிசையாக நிற்கும் தடித்த செதில்கள் வேறு உண்டு. சமைக்கும்போது முதலில் சீவி எறிவது அதைத்தான். சங்கரா, கொடுவா, மடவை, கிழங்கான், கத்தாழை இவற்றைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொடுவாவை ஆய்ந்தால் அடுத்த வீட்டுத் திண்ணைவரை செதில் பறக்கும்.

எங்கள் பள்ளியின் அறிவியல் ஆசிரியை ஒரு நாள் மாலை நுண்ணோக்கியைத் திறந்து வைத்தார். சங்கராவின் செதில் ஒன்று, குளத்துக் கட்லாவின் செதில் ஒன்று. கட்லாவின் செதில் ஒரு ரூபாய் நாணயத்தளவு இருந்ததால் அதன் ஓரத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைப் போல வளையத்துக்குள் வளையம். விளிம்பு வழுவழுப்பாக இருந்தது. சங்கராவின் செதிலில் வளையங்களோடு, வெளியே நிற்கும் விளிம்பில் சீப்பின் பற்கள் போல நெருக்கமான முட்கள். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் கையில் சொரசொரப்பது இந்தப் பற்கள்தான் என்றார் அவர். மீன் வளர வளரச் செதில்களின் எண்ணிக்கை கூடுவதில்லை. இருக்கும் செதிலே பெரிதாகிக்கொண்டு போகிறது, அதனால்தான் வளையம். குளிர் நாடுகளில் இந்த வளையங்களை எண்ணியே மீனின் வயதைச் சொல்வார்கள். நம் வெப்பமான தண்ணீரில் அவ்வளவு தெளிவாக விழாது. ஒரு செதில் உதிர்ந்தால் புதிது முளைக்கும், ஆனால் அதன் நடுவில் வளையம் இருக்காது, வெறுமையாக இருக்கும். பழைய காயத்தின் கணக்கு அங்கே எழுதியிருக்கிறது.

இன்னொன்றும் அன்று தெரிந்துகொண்டேன். வெள்ளி நிறம் செதிலுடையது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கழுவிய செதில் கண்ணாடித் தாள் போல நிறமில்லாமல் இருந்தது. மினுமினுப்பு அதன் அடியில் இருக்கும் தோலில், குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகங்களில் இருக்கிறது. ஆகவே ஒரு மீன் வெள்ளியாகப் பளபளக்கிறது என்பதால் அதற்குச் செதில் இருக்கிறது என்று ஆகாது. கடல் வாளையைப் போலப் பளபளக்கும் மீன் உண்டா? அதற்குத்தான் ஒரு செதிலும் இல்லையே.

சுறாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுறாவின் தோலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் பட்டு, வாலிலிருந்து தலைக்குத் தடவினால் உப்புத்தாள். வீட்டில் இதை 'மணல்' என்போம். கொதிநீர் ஊற்றிச் சுரண்டிய பிறகுதான் சமையல். அந்த மணல் ஒவ்வொன்றும் அமைப்பில் ஒரு பல். உள்ளே கூழ், அதைச் சுற்றிப் பல் திசு, மேலே எனாமல் போன்ற பூச்சு. நம் வாயில் இருக்கும் பல்லும் அப்படித்தான் ஆனது. இவை மற்ற மீன்களின் செதிலுக்கு நேர் எதிராக நடந்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் முளைத்த அளவிலேயே நின்றுவிடும். சுறா வளர வளரப் புதியவை இடையிடையே முளைக்கும். நூல்கள் இதையும் ஒருவகைச் செதில் என்றுதான் குறிக்கின்றன. ஆனால் தோலைக் கிழிக்காமல் பெயர்க்க முடியாது என்பதால் விதிப்படி சுறா விலக்கு. திருக்கையும் அந்தக் குடும்பம்தான், அதுவும் விலக்கு.

இதை நோட்டில் எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கியது. என் மகள் பிறந்த பத்தாம் நாள் எனக்குச் சுறாப் புட்டு செய்து ஊட்டியவர் சித்தி. பால் சுறாவை அவித்து, தோலுரித்து, உதிர்த்து, பூண்டைத் தாராளமாகப் போட்டு வதக்கி, தாய்ப்பால் ஊற வேண்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சென்ற வருடம் என் தங்கை மகளுக்குப் பிரசவமானபோது என்ன செய்யப்போகிறார் என்று பார்த்தேன். அதே அரிவாள்மணை, அதே சட்டி. முழுவதும் அவரே செய்தார். உப்பு சரியா என்று பார்க்க மட்டும் என்னைக் கூப்பிட்டார். "விலக்கு எனக்குத்தான். பிள்ளைக்குப் பால் வேண்டாமா?" என்றார்.

தரங்கம்பாடிக்கும் இந்த விதிக்கும் இருக்கும் தொடர்பு பெரியது. 1706 ஜூலையில் இந்தக் கரையில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்து, பழைய ஏற்பாட்டில் ஆதியாகமம் முதல் ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு 1719இல் இறந்தார். லேவியராகமம் அந்த எல்லைக்குள் அடங்கும். அதாவது எந்த மீனைத் தின்னலாம் என்ற அந்தப் பழைய சட்டத்தை அவர் தமிழாக்கிய நாட்களில், காலையும் மாலையும் கட்டுமரங்கள் வந்து மீன் கொட்டும் கரை அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

இன்னும் ஒன்று. அதே மிஷனில் 1771இல் வந்து சேர்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார், இங்கே கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி பெர்லினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அங்கே அவற்றைப் பெற்று, அளந்து, படம் வரைவித்து, பெயர் வைத்தவர் மார்கஸ் எலியேசர் பிளாக் என்ற மருத்துவர். 1723இல் பிறந்த அவர் ஏழை யூதக் குடும்பத்துப் பிள்ளை. பத்தொன்பது வயதுவரை எபிரேய நூல்களையே படித்து வளர்ந்தவர். சிறகும் செதிளும் என்ற வரி அவருக்குச் சிறுவயதுப் பாடம். அந்த மனிதரின் மேசைக்குத்தான் காவிரி முகத்துவாரத்து மீன்கள் கப்பலேறிப் போயிருக்கின்றன. கத்தாழை இனம் ஒன்றுக்கு அந்தப் பாதிரியாரின் நினைவாக 'ஜானியஸ்' என்று பெயரிட்டார். அதில் ஒரு வகையின் முழுப் பெயர் 'ஜானியஸ் கருட்டா'. கருட்டா வேறொன்றும் இல்லை, நம் 'கருத்த கத்தாழை'யின் 'கருத்த'தான். நம் ஆரலும் அவருடைய புத்தகத்தின் வழியாக 'ஆரல்' என்றே அறிவியலுக்குள் போனது. சந்திரபாடி அக்காவைப் போல ஏதோ ஒரு பெண், இருநூற்று முப்பது வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளைக்காரர் கேட்டதற்கு மீனைக் காட்டி இது கருத்தது என்று சொல்லியிருக்கக்கூடும். அவள் சொன்ன சொல்லை உலகம் முழுக்க உள்ள மீன் ஆய்வாளர்கள் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கரையோரத்தில் சிறிய படகுகள் கொண்டுவருவது போக, எங்கள் சமையல் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் திரும்பிவிடும். கோடையில் குளங்கள் வற்றும் காலமும் அதுதான். ஏலம் எடுத்தவர்கள் மீன் பிடிப்பார்கள். கடைசியில் முழங்கால் சேறு மிஞ்சும்போது ஊரே ஊத்தா என்ற மீன் பிடிக்கும் கூடையோடு இறங்கும். பட்டியலின் இரண்டாம் பாதியைத் திருத்தியது அப்போதுதான்.

கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் வடநாட்டு ஆறுகளிலிருந்து கொண்டுவந்து நம் குளங்களில் விட்டவை. மூன்றுக்கும் பெரிய செதில். நம் சேல்கெண்டைக்கும் மற்ற கெண்டைகளுக்கும் அப்படியே. ஜிலேபியும் செதில் மீன்தான். இவற்றில் விவாதம் இல்லை.

விராலில் எனக்கே ஒரு பாடம் இருந்தது. பிடித்தால் வழுக்கும், சேற்றில் புதையும், பாம்பு மாதிரித் தலை. சித்தி முதலில் அதைத் தொடவே மறுத்தார். நான் உயிரோடு ஒன்றை வாங்கிக் குடத்தில் கொண்டுவந்தேன். விரால் காற்றைச் சுவாசிக்கும், மணிக்கணக்கில் சாகாது. அடுப்புச் சாம்பலை அள்ளி மேலே போட்டதும் பிடி கிடைத்தது. கிணற்றடிக் கல்லில் வைத்துச் சாம்பலோடு உரசினேன். முதலில் கோழை கறுப்பாக வழிந்தது. பிறகு கரகரவென்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தம்தான் பதில். தண்ணீர் ஊற்றியதும் கல்லெல்லாம் செதில், வளையல் துண்டு மாதிரி. தலையைக் கழுவியபோது சித்தி குனிந்து பார்த்தார். தலையின் மேல் இருக்கும் செதில்கள் உடம்பில் இருப்பதைவிடப் பெரியவை, தட்டையானவை, பாம்பின் தலையில் இருக்கும் தகடுகளைப் போலப் பொருத்தி வைத்தவை. பிளாக் இந்த இனத்துக்கு வைத்த பெயரின் பொருளே 'பாம்புத் தலை'. பார்வைக்கு விலக்கு போலத் தெரிந்த மீன், உரசிப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டது. அன்று இரவு புளி கரைத்து விரால் குழம்பு.

குரவைக்கும் அப்படியே. பனையேறிக் கெண்டைக்குச் செதில் கல் மாதிரி இருக்கும், அரிவாளே பின்வாங்கும். இந்த மீனால் தரங்கம்பாடிக்கு இன்னொரு புகழும் உண்டு. 1791இல் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், இங்கே ஒரு குளத்தோரம் நின்ற பனையின் பட்டை இடுக்கில் அது ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டு பிடித்ததாக எழுதி, லண்டன் லின்னேயன் சங்கத்துக்கு அனுப்பினார். பறவை தூக்கிப்போட்டிருக்கும் என்று பின்னால் வந்த அறிஞர்கள் பலர் சந்தேகப்பட்டார்கள். ஈரத் தரையில் செவுள் மூடியின் முட்களை ஊன்றி அது நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். பனை விஷயத்தில் நான் நம் பெயர் வைத்தவர்கள் பக்கம்.

கெளுத்தி, ஆற்று வாளை, தேளி மூன்றும் மீசைக்காரர்கள், செதில் இல்லாதவர்கள். தேளியின் முள் குத்தினால் தேள் கொட்டியது போலக் கடுக்கும். அந்தப் பெயர் அனுபவத்தில் வந்தது. இந்த இனத்தில் கடல் கெளுத்திக்கு ஒரு தனிக்குணம் உண்டு. முட்டைகளை ஆண் மீன் வாயில் அடைத்து வைத்துக் குஞ்சு பொரியும்வரை காக்கும், அதுவரை பட்டினி. விலக்கு என்று எழுதும்போது அந்தத் தகப்பனுக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் சொன்னேன்.

இங்கே எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பை மத்திய அரசு 2000இலேயே தடை செய்துவிட்டது. இருந்தும் அது எங்காவது வளர்க்கப்பட்டுச் சந்தைக்கு வந்துவிடுகிறது. சென்ற வருடம் நெடுஞ்சாலையோரத்தில் ஓரிடத்தில் தோலுரித்துத் துண்டு போட்டதை 'விரால்' என்று எனக்கு விற்றார்கள். வீட்டுக்கு வந்து சட்டியில் போட்ட பிறகுதான் சதையின் நிறமும் கொழுப்பும் காட்டிக்கொடுத்தன. விதி கைக்கொள்பவர்கள் மட்டும் இல்லை, விராலுக்குப் பணம் கொடுக்கும் எவரும் தலையையும் தோலையும் கேட்டுப் பாருங்கள். தலையில் மீசை இருந்தால் அது விரால் இல்லை. தோலுரித்துத்தான் தருவேன் என்றால் நடையைக் கட்டுங்கள்.

மிச்சம் இருந்தவை நடுவில் நிற்கும் மீன்கள். விலாங்கு, ஆரல், அயிரை. பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும் என்று விலாங்கைச் சொல்வார்கள். செதில் விஷயத்திலும் அது அப்படித்தான் செய்கிறது. அதற்குச் செதில் இருக்கிறது. ஆனால் மிகச் சிறியது, பாய் முடைந்தது போலத் தோலுக்குள் புதைந்திருக்கிறது. நான் நகத்தாலும் கத்தியாலும் முயன்றேன், தோல்தான் கிழிந்தது. ஆகவே விலக்கு. ஆரலுக்கும் பொடிச் செதில் உண்டு. கல்லில் உரசியபோது கோழையோடு கொஞ்சம் வந்தது. அது செதிலா தோலா என்று இரண்டு பேரும் வெகுநேரம் பேசினோம். கடைசியில் சித்தி, "சந்தேகம் இருக்கிறபோது எனக்கு வேண்டாம்" என்றார். அயிரைக்கும் அதே தீர்ப்பு. அயிரையை விட்டு விராலைப் பிடி என்ற பழமொழியைத் தான் இப்போது சொல்படி கடைப்பிடிப்பதாகச் சொன்னார்.

நாகூரில் இருக்கும் என் தோழியிடம் இதையெல்லாம் சொன்னேன். இஸ்லாமியச் சட்ட மரபுகளில் அவர்கள் வீடு ஷாஃபி மரபு. கடலில் இருப்பது எல்லாமே ஆகும். அவருடைய அண்ணி ஆம்பூர்ப் பக்கம், ஹனஃபி மரபு. மீன் மட்டும்தான், நண்டு ஆகாது. ஷியாக்களுக்குச் செதில் உள்ள மீன்தான் ஆகும், ஆனால் இறாலுக்கு அனுமதி உண்டு. ஒரே சமையலறையில் இரண்டு சட்டி வைத்து முப்பது வருடமாக ஒரு சண்டையும் இல்லை என்றார் தோழி. அதே கடற்கரையில், நாகப்பட்டினத்தில், ஆவணி மாதம் அதிபத்த நாயனாருக்குத் திருவிழா நடக்கும். தினமும் வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்ட பரதவர் அவர். பல நாள் வலை வெறுமையாக வந்து, வீடு பட்டினி கிடந்த பிறகு, ஒரே ஒரு மீன் அகப்பட்டது. பொன்னாலும் மணியாலும் செதில்கள் மின்னிய அந்த மீனையும் அவர் விட்டுவிட்டார். சிறுமியாக இருந்தபோது சித்தியின் தோளில் உட்கார்ந்து நான் பார்த்த திருவிழா அது. மீனைத் தின்பதற்கும் தின்னாமல் விடுவதற்கும் இந்தக் கரையில் எத்தனையோ காரணங்கள் இருந்திருக்கின்றன.

என் தாத்தா உல்ல மீனைப் பற்றிச் சொல்வார். கடலிலிருந்து கொள்ளிடத்தில் நுழைந்து, வெள்ளத்தை எதிர்த்துக் காவிரியில் மேலே மேலே ஏறி முட்டையிடும் மீன். வங்காளிகள் உயிரை விடும் ஹில்சா அதுதான். 1934இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அந்தப் பாதை அடைபட்டது. பட்டியலில் அதன் பெயரையும் எழுதினேன்: செதில் உண்டு, வெள்ளிச் செதில். சித்தி அதைப் படித்துவிட்டு, "இதை எங்கே போய் வாங்குவது?" என்று கேட்டார். அதற்கு நான் என்ன சொல்ல?

ஜூன் 15 அதிகாலை முதல் படகுகள் கடலுக்குப் போயின. இரண்டு நாள் கழித்து சந்திரபாடி அக்கா போன் செய்தார். முழு வஞ்சிரம், இரண்டு கிலோ, வெட்டாமல் வைத்திருக்கிறேன் என்றார். சித்தியையும் அழைத்துக்கொண்டு போனேன். அக்கா கத்தியை நீட்டினார். சித்தி அதை வாங்கி, அக்கா எனக்குக் காட்டிய அதே விதமாக, படுக்க வைத்து, வாலிலிருந்து தலைக்கு இழுத்தார். அலகை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். பிறகு முந்தானை ஓரத்தில் துடைத்து, அதில் ஒட்டிய செதில்களில் ஒன்றை மட்டும் டிக்கெட் மடிப்பது போலத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, நான் எழுதியிருந்த 'இல்லை'யை அடித்துவிட்டு, பக்கத்தில் அந்தச் செதிலை வைத்து மேலே செல்லோ டேப் ஒட்டினார். இப்போது அந்த நோட்டில் முப்பத்து நான்கு செதில்கள் ஒட்டியிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் கையெழுத்தில் பெயர். தோல்பாறைக்கு எதிரே இடம் காலியாக இருக்கிறது. அதன் செதில் ஊசி போல மெலிந்து தோலுக்குள் கிடக்கும் என்று படித்தேன். பெயர்க்க வருமா என்று கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நல்லதாக ஒன்று வந்தால் எடுத்து வைப்பதாக அக்கா சொல்லியிருக்கிறார்.